மிஸ் எழுதிய பரீட்சை

டீச்சர் தன் கொண்டையில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார். மேசை இழுப்பறை, கைப்பை, வருகைப் பதிவேட்டின் இடுக்கு எல்லாம் துழாவியாகிவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. தினமும் காலையில் நடக்கும் கூத்து இது. கடைசியில் யாராவது அடக்க முடியாமல் சிரித்துவிட, "யாரு சிரிச்சது? வா, இன்னைக்கு போர்டுல தேதி எழுதறது நீதான்" என்பார்.

அவர் தமிழ் டீச்சர். எங்கள் பள்ளியின் கடைசி அறை அவருடையது. நாற்காலியை எறிந்தவன், ஆசிரியரைக் கடித்தவள், மாதத்தில் பாதி நாள் காணாமல் போகிறவன் என்று நாங்கள் கைகழுவியவர்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் அது. பரீட்சை எழுதி பாஸ் செய்தால் பழைய வகுப்புக்குத் திரும்பலாம். அந்த அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் கணக்கு வாத்தியார். என் தலைவலிக்கும் அந்தச் சுவருக்கும் நெருங்கிய உறவு உண்டு.

யாராவது தப்பாகப் பதில் சொன்னால் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும். "சபாஷ்! இது புதுத் தப்பு. நேத்து பண்ணத இன்னைக்குப் பண்ணல பாரு!" கோபம் வந்தால் திட்டமாட்டார், இலக்கணம் பேசுவார். ஒருமுறை 'அருகாமை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க ஆடினார். "கல்லாமைன்னா கல்லாம இருக்கறது. அப்போ அருகாமைன்னா? கிட்டயே வராம இருக்கறது! பக்கத்துலன்னு சொல்லணும்னா 'அருகில்'னு எழுதுங்க கண்ணுங்களா!" சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

விடுமுறைக்கு முந்தைய வாரம் வந்தது. எங்களுக்கெல்லாம் உடம்பு பள்ளியில், மனசு வேறெங்கோ. நான் பிள்ளைகளுக்குப் படம் போட்டுவிட்டு கண்ணை மூடிக்கொள்கிற வாரம் அது. கடைசி அறைக்கோ அதுதான் மோசமான வாரம். திங்கட்கிழமை மட்டும் இரண்டு சண்டை, ஒரு கண்ணாடி. "லீவுன்னா பாதி பேர் வீட்ல பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது சார். அந்த பயத்துலதான் இந்தக் குதி குதிக்கறாங்க" என்றார் டீச்சர், கண்ணாடிச் சில்லைப் பெருக்கியபடி.

அன்றைக்கு அவருக்கு வேறு கவலையும் இருந்தது. ஜன்னலோரம் உட்காரும் பெண்ணைப் பற்றியது. வருடம் முழுக்க எல்லாத் தேர்வுக்கும் வந்து, பெயரை மட்டும் எழுதி, தாளை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவள். ஆசிரியர் அறையில் அவளுக்கு 'வெள்ளைத்தாள்' என்று பெயர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவள் கையால் ஒரு பக்கமாவது எழுதி வர வேண்டும், இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"அவகிட்ட சொல்லிடுங்களேன் டீச்சர். பயந்துபோய் எழுதிடுவா."

"பயமுறுத்தி வாங்கினா அது எழுத்து இல்ல சார், வாக்குமூலம்."

செவ்வாய்க்கிழமை காலை என் சுவர் குலுங்கியது. உள்ளே டீச்சர் அறிவித்திருந்தார்: "இந்த வாரம் பரீட்சை எனக்கு. கேள்வித்தாள் எடுக்கறது நீங்க!"

மூன்று நாள் அங்கே சண்டை இல்லை, கேள்விதான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய பையன் எழுந்து, "அவுட் ஆஃப் சிலபஸ் கேக்கலாமா மிஸ்?" என்றான். "ஏன், நான் கேட்டதெல்லாம் சிலபஸ்லயா இருந்துச்சு?" என்றார் டீச்சர். 'பொருத்துக' பகுதியில் ஒரு பக்கம் ஆசிரியர்கள், மறுபக்கம் அவரவர் திட்டும் வார்த்தைகள். 'கோடிட்ட இடத்தை நிரப்புக: கணக்கு சார் மதியம் முதல் பீரியடில் ________.' இதைச் சொல்லி என்னிடமே கருத்துக் கேட்டார்கள். நான் படத்தை நிறுத்திவிட்டு அந்த அறையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், எனக்குக் குஷி தாங்கவில்லை.

வியாழக்கிழமை, ஜன்னலோரப் பெண் திரும்பாமலே வாயால் ஒரு கேள்வி சொன்னாள். வக்கீல் எழுதிக்கொண்டான். 'வெள்ளைத்தாள் கொடுக்கிற பெண் தேர்வு நேரம் முழுக்க என்ன செய்கிறாள்? பத்து மதிப்பெண்.' ஆசிரியர் அறையில் வைத்த பெயர் அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"யாரு மிஸ் திருத்தறது?" என்று கேட்டார்கள். டீச்சர் கையைப் பின்னால் கொண்டுபோய், கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை நேராக உருவி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"மிஸ்! பேனா அங்க இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" வகுப்பே அலறியது.

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது. நான்தான் கண்காணிப்பாளர். "தலையத் திருப்பாதீங்க" என்று அதட்டியதில் எனக்கு ஒரு தனி சுகம். கூடுதல் தாள் வாங்கும் சாக்கில் என் காதருகே குனிந்து, "மூணு பிழை வேணும்னே போட்டிருக்கேன் சார். அவ கண்ணுல படணும்" என்றார். மணி இரண்டரை.

பெண் திருத்தத் தொடங்கினாள். சிவப்பு வட்டம் ஒன்று. இரண்டு. மூன்று. நான் டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தேன். பேனா நான்காவது வட்டம் போட்டது. கடைசிக் கேள்விக்கு டீச்சர் எழுதியிருந்த விடை: 'அவள் ஜன்னலுக்கு அருகாமையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.'

டீச்சர் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அத நான் வேணும்னு போடல சார்!"

பேனா நிற்கவில்லை. வட்டத்தின் பக்கத்தில் எழுதியது, ஓரத்தில் எழுதியது, இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதியது. மாற்றுச் சான்றிதழ் உறையோடு வாசலில் வந்து நின்ற தலைமை ஆசிரியரை நான் விரலை உதட்டில் வைத்து நிறுத்தினேன். எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ!

முடித்ததும் தாளை என்னிடம் கொடுத்தாள். நான் தலைமை ஆசிரியருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

'அருகாமை தவறு. அருகில் என்பதே சரி. நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு. விடையும் தவறு. அவள் வெளியே பார்க்கவில்லை. எல்லா விடையையும் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறாள். தாளில் எழுதினால் பாஸ் ஆகிவிடுவாள். பாஸ் ஆனால் பழைய வகுப்புக்கு அனுப்பிவிடுவீர்கள். அங்கே அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். இங்கே தப்புக்கு சபாஷ் கிடைக்கிறது.'

இப்படியே ஒரு பக்கம் முழுக்க. தலைமை ஆசிரியர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். உறையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"முப்பத்திநாலு சார். மிஸ் ஃபெயில்" என்றாள் பெண். "கீழ பாருங்க."

கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'மறுதேர்வு: பள்ளி திறக்கும் முதல் நாள். நானே வந்து வைப்பேன்.'

"சரி, அந்த மறுதேர்வு முடியற வரைக்கும் இந்த அறையிலயே இருக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியர். வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. வக்கீல் மேசை மேல் ஏறிவிட்டான். யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீண்ட மணி அடித்ததே எங்களுக்குக் கேட்கவில்லை.

டீச்சர் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. கண்ணைத் துடைக்காமல், வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி, அந்தப் பெண் தன் பக்கம் திரும்புவதற்காகக் காத்திருந்தார்.