வெள்ளைத் துணி ஓடிய நாட்கள்

சங்க வேலையில் பாதி கோஷம் போடுவது, மீதி காகிதம் பொறுக்குவது. கம்பெனி கேட் முன்னால் நின்று தொண்டை வறண்ட உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள்தான். ஆனாலும் ஒரு காகிதத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்க எனக்குத் தெரியும்.

மூன்று முறை விழுந்தவர்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே செக்கிங் பிரிவில் இருந்தார் தென்காசிப் பக்கத்துப் பேச்சியம்மாள். தைத்து வரும் துணியில் கறை இருந்தால் மருந்து பீய்ச்சி எடுக்கும் வேலை. இரண்டு மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்தார். நான்காம் முறை விழுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும்; மகளின் பிளஸ் டூ படிப்பு பாதியில் நிற்கும்.

மேனேஜரைப் பார்க்கப் போனேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. "ஏனுங்க தோழர், காலைல சாப்பிடாம வந்தா மயக்கம் வராம வேற என்னங்க வரும்?"

திங்கட்கிழமை என்ற என் கண்டுபிடிப்பு

விசாரித்தால் அந்தப் பிரிவில் இன்னும் ஆறு பெண்கள் விழுந்திருக்கிறார்கள். எல்லோருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் வாங்கி, தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டேன். ஏறக்குறைய எல்லாமே திங்கட்கிழமை! ஞாயிறும் வேலை வாங்கி ஆளைக் கொல்கிறார்கள் என்று அன்றே நோட்டீஸ் எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

அச்சான நோட்டீஸைப் படித்த பேச்சியம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அண்ணாச்சி, சீட்டுல இருக்கது நாங்க ஆஸ்பத்திரிக்குப் போன தேதில்லா? திங்கக்கெழம காலைல வேல மந்தமா இருக்கும், அன்னைக்கிதாம் அரை நாள் விடுவாவ. விழுந்த தேதி அதுல எங்க இருக்கு?"

வேன் டைரி

நோட்டீஸ் கட்டு என் கட்டிலுக்கு அடியில் போனது. விழுந்த நாளைத் தெரிந்தவர் யார்? மயங்கியவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் கம்பெனி வேன் டிரைவர். டீசல் கணக்குக்காக ஒவ்வொரு நடையையும் அவர் டைரியில் எழுதுவார். கேட்டதும் கேட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது நடை, கிழமைக்குக் கிழமை மாறி மாறி.

"தர்றனுங்க. ஆனா என்ற கையெழுத்த மட்டும் உங்க நோட்டீஸ்ல அச்சடிச்சுப் போடாதீங்க சாமி, எனக்கும் ஊடு வாசல் இருக்குது!"

நிறம் எழுதிய நோட்டு

செக்கிங்காரர்கள் அன்றன்று பார்த்த துணியின் நிறத்தைக் குறித்து வைப்பார்கள். பிறகு புகார் வந்தால் தங்களைக் காத்துக்கொள்ள. பேச்சியம்மாளின் நோட்டை வேன் டைரியின் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது நாளும் வெள்ளைத் துணி. வெள்ளை ஓடும் நாளில், பக்கத்து லைனின் கலர் பஞ்சு பறந்து ஒட்டக் கூடாது என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி ஜன்னல்களை மூடிவிடுவார்கள். வெள்ளையில் சின்னக் கறையும் தெரியும். மருந்தும் அதிகம் பீய்ச்ச வேண்டும்.

இரண்டு வெள்ளை நாட்களில் மட்டும் யாரும் விழவில்லை. ஏன் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் கரண்ட் போய், வெளிச்சத்துக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்தார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்பம் எனக்குத் தெம்பு இல்லாம இல்ல அண்ணாச்சி, அங்க காத்துதாம் இல்ல."

மேனேஜரின் முறை

இந்த முறை முதலாளியிடமே போனேன்; கணியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துக்காரர். மேனேஜரும் பக்கத்தில் இருந்தார். சீட்டு, டைரியிலிருந்து என் கையால் எழுதி எடுத்த தேதிகள், நோட்டு மூன்றையும் மேஜையில் பரப்பினேன். ஃபேன் போட்டால் வெள்ளை அழுக்காகும் என்றார் முதலாளி. கறை எடுக்கும் மேஜையை வெளியே திறந்த ஷெட்டுக்கு மாற்றுங்கள் என்றேன். மேனேஜர் சிரித்தார். அப்படியானால் அடுத்த வெள்ளை நாளில் அவரே அரை மணி நேரம் அங்கே நிற்கட்டும் என்றேன். சரி என்றார் முதலாளி.

இருபது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார் மேனேஜர். மேஜை மறுநாளே ஷெட்டுக்குப் போனது. பேச்சியம்மாள் இன்றும் அதே மேஜையில்தான் நிற்கிறார். அன்று ஒரு சொம்புத் தண்ணீரை மேனேஜரிடம் நீட்டி அவர் கேட்டார்: "என்ன சார், காலைல சாப்பிடலையா?"

நாற்பது வருடம் கத்திய என் தொண்டைக்குக் கிடைக்காத மரியாதை மூன்று அழுக்குக் காகிதங்களுக்குக் கிடைத்தது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது, ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இந்தக் கைதான்.