திராட்சை விரிப்பின் மேல் பஸ் நேரம்

பச்சைத் திராட்சைக் கொத்து அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பை எந்த வீட்டு மேசையில் பார்த்தாலும் எனக்கு ஓசூர் டவுன் பஸ் நேரம்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், அந்த நாளில் ஷிப்டுக்குப் போய்வந்த நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். பாகலூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை என்று கலர் கலராக ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒரு தாள். தாளைச் சுற்றி ஓரமெல்லாம் திராட்சை. போனில் அந்தப் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முதலில் திராட்சை தெரியும், அப்புறம் பாகலூர். மத்திகிரி வருவதற்குள் சில சமயம் பஸ்ஸே வந்துவிடும்.

அந்தத் தாளை எழுதியவர் பொற்கொடி அக்கா. மணப்பாறைப் பக்கத்துக்காரர். கணவர் கமலக்கண்ணனுக்கு ஓசூரில் லேத் வேலை. கல்யாணமான கையோடு மத்திகிரியில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அக்காவும் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த வாரமே, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மத்திகிரிக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. நின்றவர்களைக் கேட்டால் ஒருவர் தெலுங்கில் ஒரு நேரம் சொன்னார், இன்னொருவர் கன்னடத்தில் வேறு நேரம் சொன்னார். தமிழில் சொன்னவர், வரும் வரும் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போன அக்கா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அப்புறம் ஞாயிறுதோறும் அங்கேதான். எந்த நேரம் மாறினாலும் புதுத்தாள் எடுத்து முழுதாக எழுதுவார். அடித்துத் திருத்தினால் அவசரத்தில் பார்ப்பவர்கள் குழம்பிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

நான் பாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் என் பெயரைப் பட்டத்தோடுதான் போடுவார்கள், அதில் எனக்கு இன்றுவரை கூச்சமில்லை. படிக்கும்போது சாயங்காலங்களில் மத்திகிரியில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்தேன். கம்பெனி கேட்டில் ஒட்டுவதற்காகத் தாளை ஜெராக்ஸ் எடுக்க அக்கா அங்கே வந்தார். கறுப்பு வெள்ளையில் கலரெல்லாம் போய்விடுகிறதே என்று வருத்தப்பட்டார். நெட்டில் போட்டால் கலரோடு எல்லாரும் பார்க்கலாம் என்றேன். வீட்டு மேசையில் தாளை வைத்து அவரே போனில் படம் எடுத்து அனுப்பினார். அதுதான் நான் முதன்முதலில் செய்த இணையப்பக்கம். முன்பின் தெரியாதவர்கள் ஒரு காரியத்துக்காக அதைத் திறந்து பார்த்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பக்கத்துக்காக நெட்டில் இருப்பதிலேயே சின்ன இடமாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தோம். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஒரு அளவு உண்டு. அது தீர்ந்தால் பக்கம் மூடிக்கொள்ளும், ஒன்றாம் தேதிதான் மறுபடி திறக்கும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் திடீரென்று ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி வாக்கில் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், மூன்று எது எட்டு எது என்று தெரியவில்லை. மூன்றாவது மாதமும் மூடியபோது அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாதி மாசம் தொறந்து பாதி மாசம் மூடிக் கெடந்தா, அது இல்லாததவிட மோசம் தம்பி. நம்பி வந்து நிப்பாங்க. அடுத்த மாசமும் இப்புடின்னா எடுத்துரு."

விஷயம் சுகுணா மூலமாகத்தான் வெளிவந்தது. சுகுணா அக்காவோடு ஒரே லைனில் வேலை பார்த்த உள்ளூர்ப் பெண். ஒன்றாம் தேதி பஸ் நிறுத்தத்தில் அவள் போனில் திராட்சை தெரிந்ததும் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து பார்த்தால், படத்துக்கு மேலே ஒரு வீட்டுமனை விளம்பரம் குதித்துக்கொண்டிருந்தது, கீழேயும் அதேதான். பக்கத்தின் பெயரும் வேறு. தங்கம் விலை, ராசிபலன், ஓசூர் பஸ் நேரம் எல்லாம் ஒரே இடத்தில். கூகுளில் தேடினால் அதுதான் முதலில் வருகிறது என்றாள் சுகுணா. போன மாதக் கடைசியில் படம் வராமல் வெறும் பெருக்கல் குறி வந்ததாம்.

அந்தப் பெருக்கல் குறி போதுமாயிருந்தது எனக்கு. எங்கள் பக்கம் மூடிய நாட்களில்தான் அங்கேயும் படம் வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் படத்தை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் இடத்தில்தான் இருந்தது. அவன் பக்கத்தை யார் திறந்தாலும் படம் எங்களிடமிருந்து போகும், எங்கள் டேட்டா தீரும், விளம்பரக் காசு அவனுக்கு. நம் டிரம்மில் யாரோ ஓஸ் சொருகி அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி என்று அக்காவிடம் சொன்னேன். லைன் வீட்டில் இருப்பவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வருங்காலப் பட்டதாரியின் மூளை உடனே வேலை செய்தது. அவன் பக்கத்திலிருந்து கேட்டால் மட்டும் வேறு படம் போகும்படி செய்துவிடலாம். ஒரு கழுதைப் படத்தைத் தயாராக எடுத்தும் வைத்துவிட்டேன். கமலக்கண்ணன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சு ரோட்டுல நிக்கிற புள்ள கழுதையப் பாத்துட்டு எந்த பஸ்ஸுல ஏறும்?"

படத்தைத் தடுப்பதற்கும் விடவில்லை. சுகுணா மாதிரி ஆட்கள் எல்லாம் இப்போது அங்கேதான் பார்க்கிறார்கள், அவர்களைத் தெருவில் நிறுத்த முடியாது என்றார். சரி, அவனுக்கே எழுதிக் கேட்போம் என்று அந்தப் பக்கத்தில் இருந்த மெயிலுக்கு எழுதினேன். பதிலே இல்லை. திருடனுக்கு விலாசம் கிடையாது. அவனுக்குக் காசு கொடுத்தவருக்கு இருந்தது, விளம்பரத்திலேயே, போன் நம்பரோடு.

அந்த ஞாயிறு டைம் கீப்பர் அறைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பாகலூர் ரோட்டுக்கு வந்தார் அக்கா. மனை விற்பவர் பெயர் நாராயணப்பன். சொந்த நிலத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவர், அதையே பிளாட் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார். மனை வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து டீ சொன்னார், லேஅவுட் படத்தை விரித்தார், வாஸ்துவில் ஆரம்பித்தார். அக்கா டீயைக் குடித்து முடித்துவிட்டு, என் போனை வாங்கி அவர் முன்னால் வைத்தார். நான்தான் விவரத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆனால் பிடியும் கொடுக்கவில்லை. பெங்களூர் ஏஜென்சியிடம் கொடுப்பதாகவும், அவர்கள் ஆயிரம் இடத்தில் போடுவதாகவும் சொன்னார்.

"எங்க போடறாங்கன்னு நான் இன்னாத்தம்மா கண்டேன்? போன் வருதான்னு பாப்பேன், அவ்ளோதான்."

அக்கா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். எதிர்வீட்டுச் சுவர் முழுக்க அவருடைய லேஅவுட் விளம்பரம் நீலத்திலும் மஞ்சளிலும் எழுதியிருந்தது.

"அந்தச் செவுத்துல எழுதறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்கள கேட்டீங்களாங்கய்யா?"

"கேக்காத எழுதுவாங்களா? வெள்ளை அடிச்சுக் குடுத்துட்டுத்தான் எழுதனோம். கேக்காத எழுதுனா வெளக்கமாத்த எடுத்துக்கினு வருவாங்க."

"இது என் செவுருங்கய்யா. நீங்க வேற யாருக்கோ காசு குடுத்துட்டு இதுல எழுதியிருக்கீங்க."

நாராயணப்பன் போனைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். பஸ் நேரத்தைப் பார்த்தார், தாளின் ஓரத்தைப் பார்த்தார். திராட்சைக்கு வந்ததும் நின்றார். அவர் வீட்டு மேசையிலும் இதே விரிப்புதான் என்றார். பிறகு எங்கள் எதிரிலேயே ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் பேசினார். எந்தெந்தப் பக்கத்தில் போடக்கூடாது என்று இவர் சொன்னால் நிறுத்திவிட முடியுமாம். இத்தனை நாள் இவர் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு, நிஜமாகவே வியப்போடு, "சொன்னா கேப்பாங்களாம்மா," என்றார்.

மறுநாள் அங்கே அவர் விளம்பரம் இல்லை. அதற்கு மறுநாள் அதே இடத்தில் ஒரு மெத்தைக் கம்பெனி வந்து படுத்துக்கொண்டது. எனக்கு வெறுத்துப்போனது. ஒவ்வொரு கம்பெனி வாசலுக்கும் போய் டீ குடிக்க முடியுமா? தேதி வேறு பத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

அக்கா புதுத்தாள் எடுத்தார். நேரங்களையெல்லாம் வழக்கம்போல எழுதினார். கீழே, எப்போதும் காலியாக விடும் இடத்தில், சிவப்புப் பேனாவால் இப்படி எழுதினார்: "எழுதியது பொற்கொடி, மத்திகிரி. நேரம் மாறினால் முதலில் மாற்றுவது என் பக்கத்தில்தான். இந்தப் படத்தை வேறு இடத்தில் பார்த்தால், அங்கே வரும் விளம்பரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் என்னைக் கேட்கவில்லை." அதன் கீழே எங்கள் பக்கத்தின் முகவரி. திராட்சை மேல் வைத்துப் படம் எடுத்தார். பழைய படம் இருந்த இடத்தில் அதே பெயரில் இதை நான் ஏற்றினேன்.

அடுத்த நிமிடம் அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மேலே ஒரு மெத்தை, கீழே ஒரு மெத்தை, நடுவில் அக்காவின் சிவப்பு எழுத்து. கமலக்கண்ணன் அண்ணன் கழுதைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார். இந்த முறை அக்காவும் சிரித்தார். கம்பெனி பஸ் நிறுத்தத்தில் அதைப் படித்துவிட்டு, நீதானா அந்தப் பொற்கொடி என்று முகம் தெரியாத பெண்களெல்லாம் கேட்டார்களாம். நான்கைந்து நாள் அந்த எழுத்து அங்கேயே நின்றது. பிறகு அவன் படத்தையே தூக்கிவிட்டான். அதற்குள் சுகுணாவும் அவளைச் சேர்ந்தவர்களும் எங்கள் முகவரியைப் போனில் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அக்கா மணப்பாறைக்கே போய்விட்டார். அண்ணன் அங்கே சொந்தமாக லேத் போட்டிருக்கிறார். நான் அத்திப்பள்ளி தாண்டிப் போய்வரும் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், பெரிய கம்பெனிகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் அக்கா கடைசியாக எழுதிய தாளின் தலையில், அதே சிவப்பில், "இனி இது பழைய நேரம், நம்பி நிற்காதீங்க" என்று இருக்கும். டேட்டாவெல்லாம் இப்போது ஒரு பொருட்டே இல்லை, படம் சட்டென்று முழுதாக வந்து நின்றுவிடுகிறது. வரி வரியாக இறங்கும் அந்த அழகு போய்விட்டது.

அவன் படத்தைத் தூக்கிய அந்த மாதம் இருபதாம் தேதி நான் கல்லூரியில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடியே இருந்தேன். மூடவில்லை. இருபத்தைந்திலும் மூடவில்லை. மாதத்தின் கடைசி நாள் விடிகாலையில், முதல் ஷிப்டுக்குப் போகும் வழியில் அக்கா அனுப்பியிருந்தார்:

"தம்பி, தொறந்துருக்கு. பாகலூர் பஸ் நேரம் ஒண்ணு மாறியிருக்காம், சாயங்காலம் புதுத்தாள் அனுப்புறேன்."