பெண் பார்க்க வந்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்ககத்துப் பார்க்கிங்கிலிருந்து ஒரு கருகல் வாசனை வந்தது. இரண்டாவது மாடி வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தன் சாம்பாரை முகர்ந்து பார்த்தாராம். எனக்குச் சந்தேகமே இல்லை. அது பிரேக் கட்டை சூடேறிய வாசனை. என் கணவர் தன் பழைய ஜப்பான் மோட்டார்பைக்கில் ஒரு சுற்று போய்விட்டு வந்திருக்கிறார். பெண்களுக்கு மல்லிகை வாசனையில் கல்யாண ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு இதில்தான் வருகிறது, என்ன செய்ய.

கல்யாணத்துக்கு முன் நான் அப்பா அம்மாவோடு அஸ்தினாபுரத்தில் இருந்தேன். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த புதுசு. அனகாபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அப்பா கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். வீட்டார் என்றால் மாப்பிள்ளையும், பின்சீட்டில் பட்டுப்புடவையோடு அவர் அம்மாவும்தான். கேட்டுக்கு முன்னால் இதே வண்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. முன்சக்கரம் இறுகிப்போய் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

"டிஸ்க் பிரேக்குங்க. புடிச்சா விட மாட்டேங்குது" என்றார் அவர், அப்பாவிடம்.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் டிஸ்க் பிரேக்கைப் பார்த்ததில்லை. பெண்ணைவிட அதற்குத்தான் கூட்டம்.

என் தாய்மாமாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. "வாசல்லயே நின்னுடுச்சு. சகுனம் சரியில்ல" என்றார். மாமா சொன்னால் அப்பா தட்டமாட்டார். முன்பு ஒரு நல்ல வரன், பல்லி கத்தியதால் போயிருந்தது.

மாப்பிள்ளை முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுச் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கைப்பிடியில் பிரேக் லீவரை அமுக்க ஒருவர் வேண்டும். எல்லோரும் நல்ல துணி உடுத்தியிருந்ததால் யாரும் கிட்டே வரவில்லை. நான் போனேன்.

"லீவரை அமுக்குங்க. இப்ப விடுங்க."

என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகைத் தளர்த்தினார். பிரேக் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு போய்க் கேட்டில் விழுந்தது. சக்கரம் உருண்டது.

"கீழ கோளாறு இல்லீங்க. பிரஷர் திரும்பிப் போக வழியில்லாம மாட்டிக்கினு இருக்குது. மேல ஒரு சின்ன ஓட்டை அடைச்சிருக்கும்."

லீவருக்கு மேலே இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தார். என் அம்மா கொடுத்த ஊக்கு அந்த ஓட்டையில் நுழையவில்லை. நான் உள்ளே ஓடி, கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி வயரிலிருந்து ஒரு இழை செம்புக்கம்பியை உருவிக்கொண்டு வந்தேன். நுழைந்தது. மறுபடி லீவரை அமுக்கியபோது கிண்ணத்தில் எண்ணெய் குட்டி ஊற்றாக எழும்பியது.

"வந்துடுச்சு!" என்று நான் கத்தியதில், அடக்கமான பெண் என்று தரகர் சொல்லிவைத்திருந்தது காலி.

குறைந்த எண்ணெய்க்கு அவர் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றினார். வண்டியின் குணம் தெரிந்தவர். மாமா மட்டும் இன்னும், "என்ன இருந்தாலும் சகுனத் தடை…" என்று இழுத்தார்.

"அடைப்புதான் மாமா. எடுத்தாச்சு" என்றேன். மாமாவை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான் முதல்முறை.

மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே புகுந்தார். "ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்துட்டு வாங்களேன். அதுக்குள்ள நான் காப்பி குடிக்கறேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார், என் கையிலிருந்த எண்ணெயைப் பார்த்தார். "சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

ஏரிப் பக்கம் போனோம். அவர் பிரேக் பிடித்தார், விட்டார், பிடித்தார். ஒவ்வொரு தடவையும் நான் முன்னால் சரிந்தேன், ஒவ்வொரு தடவையும் "சாரிங்க" என்றார். திரும்பும்போது ஓரமாக நிறுத்தி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். நான் இறங்கிப் போய் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான், பிரேக் இறுகவில்லை. சம்மதம் என்றேன்.

மறுநாள் கேட்டில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பெயின்ட் உரிந்து வந்தது. அப்பா மறுபடி பச்சை பெயின்ட் வாங்கி வந்தார்.

இன்று அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் நாலு மாடி. அன்று வெறிச்சோடிக் கிடந்த ஏரி ரோட்டில், இப்போதைய நெரிசலில் பிரேக்கை விட்டாலும் வண்டி நகராது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் அந்தப் பக்கம்தான் போகிறார். பின்சீட்டில் ஏற என் முட்டி மடங்குவதில்லை. தனியாகத்தான் போய்விட்டு வருகிறார்.