குதிகாலைக் குத்தி ஓடியவர்

கன்னியம்மாள் குவைத்துக்குப் போன பிறகுதான் ஏகாம்பரம் ஓட ஆரம்பித்தார். உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் இல்லை. கருக்கலிலேயே விழிப்பு வந்துவிடும். பக்கத்தில் ஆள் இல்லாத பாயில் புரண்டுகொண்டு கிடக்க முடியாது. சித்தூரில் அவர் வேலை பார்த்த மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சங்கு ஊத இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். ஒருநாள் எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். மறுநாள் கொஞ்சம் வேகமாக நடந்தார். அந்த வாரம் முடிவதற்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஆம்பளைகள் மட்டும் இருந்த வீடுகள் நிறைய. அரபு வீட்டு வேலைக்குப் பெண்களைத்தான் கேட்டார்கள். எல்லையோரக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் இவர்களுடையது. பிள்ளை இல்லை. சித்தூரில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது கன்னியம்மாளின் ஆசை. அதற்காகப் போனாள்.

வெள்ளிக்கிழமைகளில் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு அவள் போன் வரும். ஒருமுறை, பேச்சை எடுத்ததுமே கேட்டாள்.

"இன்னாய்யா, கால்ல எதுனா அடிபட்டுக்கிச்சா?"

"இல்லியே. ஏன்?"

"வரலட்சுமி அனுப்பின கல்யாணக் கேசட்ட இங்க போட்டுப் பாத்தேன். பந்திக்குப் போறப்ப இடுப்ப இழுத்துக்கினு நடக்கற. இன்னா ஆச்சு உனுக்கு?"

வரலட்சுமி அவளுடைய தங்கை. ஏகாம்பரம் எதையோ சொல்லி மழுப்பினார். முட்டி வலி வந்து மாதக் கணக்காகியிருந்தது. பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, கழுத்தைத் தொங்கப்போட்டு, குதிகாலால் தார் ரோட்டைக் குத்திக் குத்தி ஓடுவார். வலித்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுவார். வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க அது ஒரு சாக்கு.

ரோட்டை விட்டுவிட்டு அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போகத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அங்கே பத்மினி என்று ஒரு விளையாட்டு டீச்சர். நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண், அவரைவிடப் பத்து வயது சின்னவள். மாற்றலாகி வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காலையில் அவளும் மைதானத்தில் ஓடுவாள். சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் கிட்டே வந்தாள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க ஓடறதுக்கு முன்னாடி உக்காரக் கத்துக்கணும்."

"கிராமத்துல பொறந்தவனுக்குக் குந்தத் தெரியாதா, டீச்சரம்மா?"

"எங்க, குதிகால் தரையில படியற மாதிரி குந்துங்க, பாக்கலாம்."

குந்தினார். குதிகால் இரண்டும் எழும்பின. அழுத்திப் பார்த்ததில் மல்லாந்து மண்ணில் விழுந்தார். அவள் சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கினாள். ஒருத்தர் கை தன்மேல் பட்டு எத்தனை காலமாயிற்று என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகவே வெட்கப்பட்டார்.

ஷூவைக் கழற்றச் சொன்னாள். மணல் பக்கமாக வெறுங்காலோடு ஓடவிட்டாள். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்றாள். ஓட்டம் பாதி நேரம்தான். மீதி நேரம் குந்தி எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, கம்பியில் தொங்குவது, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு முதுகு வளையாமல் நடப்பது. நாலு காலில் தவழவும் சொன்னாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசிக்கொண்டே தவழ்ந்தார். அவசரப்படும்போதெல்லாம், "நெம்மதிகா, மெதுவா, அண்ணா. ஓட்டம் எங்கியும் போய்டாது" என்பாள்.

ஃபாக்டரியில் தோத்தாபுரி மாம்பழப் பெட்டிகளை அதுவரை முதுகால் தூக்கிக்கொண்டிருந்தார். இப்போது இடுப்பை மடக்கி, தொடையில் பாரத்தை வாங்கித் தூக்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதுகு இருப்பதே தெரியவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? செய்தி வரலட்சுமி வழியாகக் குவைத்துக்குப் போயிற்று.

"யாருய்யா அந்த டீச்சரம்மா?"

"ஓடச் சொல்லிக் குடுக்கறாங்க."

"ஓடறதுக்குக்கூட ஒருத்தர் சொல்லிக் குடுக்கணுமா?"

"நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

போனில் இரைச்சல் கூடியது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சொல்றதுக்கு ஒரு ஆள் கீறது நல்லதுதான். இங்க என்னான்ட வேலயத் தவிர வேற எதையும் யாரும் பேசறதில்ல."

அந்த வாரம் முழுக்க ஏகாம்பரம் மைதானத்துப் பக்கம் போகவில்லை. மனசு கேட்காமல் திரும்பப் போனபோது பத்மினி இல்லை. மாற்றல் சீசன், மதனப்பள்ளிக்குப் போட்டுவிட்டார்கள் என்று பள்ளி வாட்ச்மேன் நாகையா சொன்னார். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவளுக்கு இவர் எதிரில் இல்லை.

அதற்கப்புறமும் அவர் எதையும் விடவில்லை. தனியாகக் குந்தினார், தொங்கினார், தவழ்ந்தார். ஒரு மழைக்கால விடியலில், ஈரமணலில் நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ ஓடும்போது, முட்டி வலி இல்லாமல் போய் வெகுநாளாகிவிட்டது என்பது உறைத்தது. நின்று சுற்றும்முற்றும் பார்த்தார். காலி மைதானம். மறுபடியும் ஓடினார்.

கன்னியம்மாள் லீவில் வந்தபோது உடம்பு கனத்திருந்தாள். சலவைக்கல் தரையைத் துடைத்துத் துடைத்து முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஒரு காலையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். காம்பவுண்டு சுவரில் சாய்ந்துகொண்டு அவள் பார்த்தாள். ஒரு சுற்று முடித்து வந்ததும், "இன்னொரு தபா ஓடுய்யா" என்றாள். ஓடினார். திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கும் எதுனா சொல்லிக் குடேன்."

வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குந்தி எழப் பழக்கினார். பாதிவரைதான் இறங்க முடிந்தது. லீவு முடியும் நாளில் அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கினாள்.

"இங்கியே இருந்துடேன்மே."

"கட்டற வூட்டுக்கு மேல்தளத்தப் போட்டுட்டு வந்துடறேன்யா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

அந்தக் குளிர்காலத்தில், நாற்பது தாண்டியவர்களுக்கென்று திருப்பதியில் ஒரு சங்கத்தார் ஓட்டம் நடத்தினார்கள். அலிபிரியில் தொடங்கி ஊரைச் சுற்றி அங்கேயே முடிவது. ஏகாம்பரம் வெறுங்காலோடு ஓடினார். பலரை முந்தினார், பலர் அவரை முந்தினார்கள். கடைசி மேட்டிலும் மூச்சு இரைக்கவில்லை. முடிகிற இடத்தில் எல்லோருக்கும் யாராவது துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், உங்கள் வீட்டில் யாரும் வரவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். வெளியூரில் இருக்கிறார்கள் என்று அவரும் தெலுங்கிலேயே சொன்னார்.

நின்றபடியே சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியும் பக்கத்து சீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை.