என் நாவலில் செத்த ஆறு பேர்

வெள்ளைக்காரக் கம்பெனி எங்கள் கடற்கரையின் தாது மண்ணை அள்ளிக் கப்பலேற்றிய காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதினேன். பெயருக்கு ராஜா ஆண்டாலும் அன்றைக்கு வெள்ளைக்காரன் வைத்ததுதான் சட்டம். நாவலில் ஊரே திரண்டு மண் வண்டிகளை மறிக்கும். துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் சாவார்கள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

எங்கள் ஊரில் யார் நாவல் படிக்கப்போகிறார்கள் என்ற இளக்காரம் எனக்கு உண்டு. ஆனால் மைனி படித்தார். அண்ணனின் மனைவி, மீன் விற்பவர். அவர் வழியாகப் புத்தகம் வீடு வீடாகப் போயிற்று. கல்லறைத் திருநாளன்று பங்குச் சாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தபோது, "மண்ணுக்காக உயிர்விட்ட நம் முன்னோர் ஆறு பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று ஒன்று வந்தது. அந்தப் பூசைக்குப் பணம் கொடுத்தது மைனிதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் உட்கார்ந்து உண்டாக்கிய ஆட்களுக்காக ஊரே முழங்காலில் நின்று செபித்தது. பிறகு பெருமையாகிவிட்டது. எந்த விருது இதற்கு ஈடாகும்? வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அதே மண்ணைக் கேட்டு வேறொரு கம்பெனி வந்திருக்கிறது. இந்த முறை நம் நாட்டுக்காரர்கள். அவர்கள் கேட்கும் இடத்துக்குள் மைனியின் வீடும் வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைனி மைக்கை வாங்கி, மறு கையால் என் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க ஆளுவ ஆறு பேரு ரெத்தம் சிந்திக் காத்த மண்ணு சார் இது. எல்லாம் இதுல இருக்கு. எழுதினது என் கொழுந்தந்தான், இந்தா இருக்கான்."

அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "இது வரலாறா சார், நாவலா?"

வரலாறு என்றால் அடுத்து ஆதாரம் கேட்பார். என்னிடம் ஒன்றுமில்லை. "நாவல்" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மைனிதான் கேட்டார்.

"அப்போ அந்த ஆறு பேரும் கெடையாதா மக்கா?"

"கெடையாது மைனி."

"பொறவு நம்ம ஆளுவ அண்ணைக்கு என்னதான் செய்தாவ?"

அதைத் தேடித்தான் வருடக்கணக்கில் அலைந்தேன். ஒருவன் ஒரு கல்லை எறிந்ததாகக்கூடத் தகவல் இல்லை. அது பொறுக்காமல்தான் நாவலே எழுதினேன்; வெள்ளைக்காரனை எங்கள் ஆட்கள் தாளிலாவது எதிர்த்து நிற்கட்டும் என்று.

"கூலிக்கு மண்ணு செமந்தாவ" என்றேன்.

"நம்ம வீட்டுலயா?"

"எல்லா வீட்டுலயுந்தான்."

சில மாதங்களில் கம்பெனி உள்ளூரில் வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியது. மைனி தன் மகனை முதல் ஆளாக அனுப்பிவைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

மைனி கோபப்படவில்லை. "அண்ணைக்கும் இதத்தானே மக்கா செய்தாவ" என்றார்.