சிங்க் அடியில் இருந்த வாளி

எனக்கு வாய் நீளம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேசுவது நான், கேட்டுக்கொள்வது என் கணவர். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போனபோதுகூட, வீட்டில் சத்தம் ஒன்றும் குறையவில்லை என்று நானே சொல்லிச் சிரித்தேன். அந்த நாக்குக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

தாம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு ஃபில்டர் மெஷின் மாட்டத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. எங்களுக்கு இரும்புலியூரில் இரண்டாவது மாடி. அவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை. பாய்லருக்குப் போகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தினமும் சோதித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஆர்க்கிட் செடிகள். பால்கனிக் கம்பியில் ஏழு தொட்டிகள் தொங்கும். மண் கிடையாது, கரித்துண்டும் உடைத்த செங்கல்லும் தேங்காய் மட்டையும்தான். அதில் பூக்கிற ஊதாப் பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்.

அந்தச் செடிகளை என்னைத் தொடவிட மாட்டார். மொட்டைமாடி டிரம்மில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றுவார். அது தீர்ந்தால் கேன் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்ச் செடிக்குக் கொட்டுகிறாரே என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நான் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உரமும் அப்படித்தான். பழைய காப்பிப்பொடி பாட்டிலில் ஒரு நீலத் தூள் வைத்திருந்தார். ஒரு வாளிக்குக் கால் ஸ்பூன் போடுவார். ஒரு வாரம் உரம் கொடுத்தால் அடுத்த வாரம் வெறும் தண்ணீர் விட்டு வேரைக் கழுவிவிடுவார். எறும்புக்கு விருந்து வைக்கிறீர்களா என்று கேலி செய்வேன்.

ஒருநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் நாளே சொன்னாள்: "எது மேலயாவது அவருக்கு ஒரு ஆசை இருக்கணும்மா. அதக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அது போச்சுன்னா நான் தினம் வந்தும் பிரயோஜனம் இல்ல."

அவருக்கு ஆசை இருந்தது அந்த ஏழு தொட்டிகள் மேல் மட்டும்தான். பால்கனிக் கதவோரம் நாற்காலியைப் போட்டால் சாயங்காலம் வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். இதில் ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று முடிவு செய்தேன். செடி பிழைத்தால் அவரும் தேறுவார் என்று ஒரு கணக்கு.

அவருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நாங்களும் ஃபில்டர் மெஷின் வாங்கியிருந்தோம். அதில் இரண்டு குழாய். ஒன்றில் குடிதண்ணீர் வரும். மற்றதில் வருவது மெஷின் வேண்டாமென்று தள்ளுகிற தண்ணீர், சிங்க் அடியில் இருந்த வாளியில் விழும். பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று சண்டை போட்ட எங்களுக்கு அதைச் சாக்கடையில் விட மனம் வருமா? எங்கள் ஃப்ளாட்டில் எல்லோரும் பிடித்து வைத்து வீடு துடைப்பார்கள். நான் செடிக்கு ஊற்றினேன். மெஷினுக்குள் போய் வந்த தண்ணீர், போர் தண்ணீரைவிட ஒரு படி சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். டிரம்மும் அந்தக் கோடையில் காலி.

முதல் நாள் மக்கில் மொண்டு ஊற்றும்போதே அவர் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. தன் செடியை நான் தொடுவது பொறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். "ஏன், நான் ஊத்தினா ஆகாதா? நீங்க எழுந்து வந்து ஊத்துங்களேன், வேணாம்னா சொல்றேன்?" என்றேன். எழுந்து நிற்க முடியாத மனுஷனிடம் சொன்னேன்.

தினமும் ஊற்றினேன், தினமும் தட்டினார். இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. கால் ஸ்பூன் சாப்பிட்டு எது பிழைக்கும் என்று நீலத் தூளை முழு ஸ்பூனாகப் போட்டேன். அதைப் பார்த்ததும் கை சிவக்கத் தட்டினார். இந்த நோய்க்குக் கோபம் வரும், பெரிதாக எடுக்காதீர்கள் என்றாள் பயிற்சிக்கு வரும் பெண். ஒருநாள் நான் பக்கத்தில் போனபோது மக்கையே தட்டிவிட்டார். என் புடவை, தரை எல்லாம் தண்ணீர். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை அப்படியே டி.வி. பக்கம் திருப்பிப் போட்டேன். ஒரு வாரம் திருப்பவே இல்லை.

பிறகு திருப்பி வைத்தபோது அவர் தட்டவில்லை. கோபம் அடங்கிவிட்டது, இப்போதெல்லாம் தங்கமாக இருக்கிறார் என்று என் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மெஷின் சர்வீஸுக்கு வந்தவர்தான் பால்கனியைப் பார்த்துவிட்டு நின்றார். தொட்டியில் கரியெல்லாம் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துக் கிடந்தது.

"இன்னாக்கா, அந்த வாளித் தண்ணியவா இதுக்கு ஊத்தினுகீறீங்க?"

ஆமாம், ஒரு சொட்டு வீணாக்குவதில்லை என்றேன் பெருமையாக.

"உப்பெல்லாம் பிரிச்சு அதுலதான்க்கா மெஷின் தள்ளுது. போர் தண்ணிகூடத் தேவல. வூட்டத் தொடைங்க, செடிக்கு ஊத்தாதீங்க."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். தண்ணீரில் உப்புப் பார்த்தே வயதைக் கழித்த மனுஷன். அவர் கண்ணெதிரே அவர் செடிக்கு நான் தினமும் உப்பை ஊற்றியிருக்கிறேன். போதாததற்கு உரத்தையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். ஊமை கண்ட கனவு மாதிரி, சொல்ல வழியில்லாமல் அந்த ஒரு கையால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நானோ அவரை டி.வி. பக்கம் திருப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

ஆறு தொட்டிகளில் வேர் கறுத்து நூலாகியிருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு பச்சை இலை மிச்சம். குடிதண்ணீரைக் கொண்டுவந்து அதை மூன்று தடவை கழுவினேன். தப்பு என் மேல்தான், எனக்குத் தெரியவில்லை என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். மழை வந்ததும் டிரம்மில் பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து அவர் இடது கையை அதில் நனைத்தேன். கை அப்படியே கிடந்தது. நான்தான் எடுத்துத் துடைத்துவிட்டேன். பயிற்சிக்கு வரும் பெண் வாரம் ஒருநாள் வந்தால் போதும் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் சிங்க் அடியிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் வைத்தேன். நீலத் தூளை முழு ஸ்பூன் எடுத்து, அவருக்குத் தெரிகிற மாதிரி போட்டுக் கலக்கினேன். மக்கில் மொண்டு, அந்த ஒரு இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தேன்.

"தட்டுங்க," என்றேன். "ஒரே ஒரு தடவை."

மக்கைக் கொஞ்சம் சாய்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். தண்ணீர் செடிமேல் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.