அண்ணனுக்குத் தெரியாத பாஷை

எங்கள் மேசையில் ஒரு சட்டம் இருந்தது. தமிழில் பேசினால் பேய்க்கும் கேட்கும்.

சட்டம் போட்டவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அவர் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஈப்போவை அடுத்த லகாட்டில் இருந்த அவர் வீட்டு ஹாலில் விளையாடுவோம். அது கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். செய்யப்போவதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். எதிரிகளுக்கெல்லாம் வாயும் மூளையும் கதை நடத்துபவர்தான். அண்ணனுடைய பேய்கள் தண்ணீர் நிரம்பிய பழைய ஈயச் சுரங்கத்தில் குடியிருந்தன. அவற்றின் தலைவன் தோட்டத்து மண்டோர் மாதிரியே வேலையாட்களை விரட்டுவான்.

விளையாடுகிறவர்களில் நான் ஈப்போவில் ஒரு டயர் கடை கவுண்டரில் உட்காருகிறவள். இன்னொருவன் செமோரிலிருந்து வரும் லாரிக்காரத் தம்பி. மூன்றாவது ஆள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் செட்டியார் வீட்டுப் பெண். எங்களில் படித்தவள் அவள் ஒருத்திதான், அதை அவள் மறக்க விட்டதும் இல்லை.

ஒரே ஒரு கதவைத் திறக்க முக்கால் மணி நேரம் பேசுவோம். யார் முதலில் நுழைவது, கேடயம் யார் கையில், நெருப்பு மந்திரத்தை எங்கே போட்டால் நம் ஆட்கள் வேகாமல் இருப்பார்கள், விழுந்தவனை யார் இழுத்துக்கொண்டு வருவது. தம்பிக்கு எப்போதும் முட்டிக்கொண்டு போக வேண்டும். மருந்துக்கடைக்காரி மாஜோங் பேப்பர் என்ற பெரிய தாளில் வரைந்த கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டே இருப்பாள். எனக்குத் திரும்பி ஓட வழி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க. பேய் மட்டும் உள்ள காத அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்குமா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். கதவைத் திறந்தோம். உள்ளே யாரும் இல்லை. பேய்கள் சுற்றிக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. தம்பியின் வீரன் அன்றைக்குச் செத்தான். தம்பி கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் வரவில்லை.

மலாய்க்கு மாறினோம். பேய்க்கு மலாய் தெரியும் என்றார் அண்ணன். ஆங்கிலமும் தெரியுமாம், பள்ளிக்கூடம் போன பேய். அப்புறம்தான் ஈப்போச் சீனர்கள் பேசும் காண்டனீஸ் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு அது கடை முதலாளி தவ்க்கேயோடு மல்லுக்கட்டிப் பழகிய பாஷை. தம்பி மொத்த வியாபார மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இறக்கிப் பழகியிருந்தான். மருந்துக்கடைக்காரிக்குச் சீனப் பாட்டிகளிடம் இருமல் மருந்து விற்ற பழக்கம். மூன்றுமே ஓட்டை ஒடிசல்தான், ஆனால் ஒட்டினால் ஒரு பாஷை ஆகிவிடும். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அது தெரியாது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் காண்டனீஸில் கசமுசாவென்று பேசும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். பேசி முடித்ததும், "முடிஞ்சிச்சா?" என்பார். அதற்கப்புறம் எங்களுக்கு வெற்றிமேல் வெற்றி. தலைக்கனம் ஏறிவிட்டது. அந்த மண்டோர் பேயை அவன் அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய அன்று தம்பி எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டு ரோஜாக் வாங்கிக் கொடுத்தான்.

போன வருஷம் அண்ணன் மெலிய ஆரம்பித்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் மனைவியை அக்கா என்போம். பள்ளி கேண்டீனில் வேலை, எங்கள் விளையாட்டை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. வார்டுக்கு வெளியே எங்களை நிறுத்தி, கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது என்று மெல்லச் சொன்னார்.

"அவருகிட்ட வயித்துல புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். டாக்டர்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்குப் பிடிக்கவில்லை. "இது அவரு ஒடம்பு அக்கா, அவருக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

"ஒரு ஊசி போடணும்னு சொன்னாலே ரெண்டு நாளைக்கு அவருக்குச் சோறு எறங்காதுமா. நான்தானே கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

உள்ளே போனோம். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா சுடுதண்ணீர் பிடிக்கப் போனார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, பழக்கதோஷம், நாங்கள் காண்டனீஸில் திட்டம் போட ஆரம்பித்தோம். ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டால் தம்பி பேச்சை மாற்ற வேண்டும். மருந்தைப் பற்றிக் கேட்டால் மருந்துக்கடைக்காரி அல்சர் மாத்திரை என்று சாதிக்க வேண்டும். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் அது என் பாடு. கதவு திறக்கும்போது யார் எங்கே நிற்பது என்று பேசுகிற அதே குரல் எங்களுக்கு. தம்பி, உண்மையிலேயே வழியில்லையா என்று கேட்டான். மருந்துக்கடைக்காரி தலையை ஆட்டி, "மோ தக் யீ" என்றாள். வைத்தியம் இல்லை என்று அர்த்தம்.

"அந்த 'மோ'வச் சொல்றப்ப சத்தத்தக் கீழ இருந்து தூக்கணும்லா. ஒனக்கு எப்பவும் அது நட்டுக்கிட்டு நிக்குது," என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

பிறகு அதே வார்த்தையைச் சுத்தமாகச் சொல்லிக் காட்டினார்.

தன் அப்பா செத்தபின் தோட்டத்தை விட்டு வந்து, இதே லகாட்டில் ஒரு சீனர் காப்பிக்கடையில் வருஷக்கணக்காக மங்கு தட்டுக் கழுவினாராம். எங்களைவிட நன்றாகப் பேசினார். டாக்டரும் நர்ஸுகளும் அவரைப் பற்றித் தங்களுக்குள் காண்டனீஸில் பேசும்போது எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்த அன்றே அவருக்கும் தெரியும்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க. அவ என்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா. அந்தத் தெம்புலதான் நடமாடுறா," என்றார்.

அக்கா பிளாஸ்க்கோடு வந்துவிட்டார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

கார் நிறுத்துமிடத்தில் மருந்துக்கடைக்காரி அழுதாள். தம்பிக்குக் கோபம். "அப்ப நாம ஜெயிச்சதெல்லாம்? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே சும்மா வந்து அடி வாங்கியிருக்காரு!" இந்த நேரத்தில் இதுவா பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எனக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஞாயிறு தவறாமல் போனோம், விளையாட அல்ல, சும்மா உட்காரத்தான். அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டபடி, "கொஞ்சம் தேறிட்டா ஹுத்தான் மெலிந்தாங் போயிட்டு வரலாங்க, அங்க ஒங்க கூடப் பொறந்த தம்பி எறா வாங்கித் தரேன்னாரு," என்பார். "ஆமா, பெரிய ஐஸ் பெட்டியா எடுத்துக்கணும்," என்பார் இவர். எந்தப் பாதையில் போவது, வழியில் எங்கே சாப்பிடுவது என்று இரண்டு பேரும் பேசுவார்கள். இருவருக்கும் தெரியும் போகப்போவதில்லை என்று. தனக்குத் தெரியும் என்பதை ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் மறைத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு தடவை அக்கா கடைக்குப் போயிருந்தபோது அவரிடம் சண்டையே பிடித்தேன். "இது வெளையாட்டு இல்லண்ணே. அவங்களுக்கு ஒங்ககிட்ட கேக்க எவ்வளவோ இருக்கும். ஒங்களுக்குச் சொல்ல ஒன்னுமே இல்லையா?"

அவருக்குப் பேசினாலே மூச்சு வாங்கியது. "இருக்கு தங்கச்சி. ஆனா இது அவ போட்ட பிளான். ஒத்த ஆளா நின்னு போட்டிருக்கா. நீங்க காண்டனீஸ்ல போட்ட பிளானையே நான் ஒடச்சதில்ல, அவ பிளானையா ஒடைப்பேன்?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. என்ன பெரிய பெருந்தன்மை! இப்போதும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை. அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டார். கடைசி வாரம் பேச்சே இல்லை. அக்கா அவர் வாயில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டே, புண் ஆறிவிடும், புண் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, எங்கள் மூவரையும் உட்காரவைத்து அக்கா தன் கையால் பரிமாறினார். அழவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது, ஆனாலும் முகத்தில் ஏதோ ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த அமைதி இருந்தது.

"கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமப் பார்த்துக்கிட்டோம்ல?" என்று என்னிடம் கேட்டார்.

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"ஆமாக்கா," என்றேன்.

"அது போதும்மா." சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒன்னுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. தெரிஞ்சிருந்தா, போறதுக்கு முன்னால எங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாரு."